பவளத்துக்கு ஒரு பாராட்டு விழா

பவளத்துக்கு ஒரு பாராட்டு விழா எடுத்தே ஆகவேண்டும். இனியும் தள்ளிப்போட்டால் நமக்குத்தான் அசிங்கம். கடல் தண்ணீர் வருஷா வருஷம் அமிலப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீரிலும் அங்கங்கே சில பவளங்கள் சாகாமல் கிடக்கின்றன என்று விஞ்ஞானிகள் கண்டு சொல்லிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. இதுவரை ஒரு மாலை உண்டா, ஒரு சால்வை உண்டா, தெருமுனையில் ஒரு ஃபிளெக்ஸ் உண்டா? அடிக்கிறவன் கை வலிக்குமே என்று நகராமல் நின்று அடி வாங்கும் ஜீவனை இப்படியா கண்டுகொள்ளாமல் விடுவது? ஆகவே விழாக் கமிட்டிக்கு என்னை நானே செயலாளராக நியமித்துக்கொண்டேன். தலைவர் பதவி காலியாக இருக்கிறது. நிலக்கரி, பெட்ரோலியத் துறைகளில் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.

முதல் வேலை பாராட்டுப் பத்திரம். சாதனையை விவரமாக எழுதாவிட்டால் எதற்குக் கைதட்டுகிறோம் என்றே சபைக்குத் தெரியாது.

நாம் எரிக்கிற கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் கிளம்பும் கரியமில வாயுவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. வாயு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். அமிலம் பிரிந்து ஹைட்ரஜன் அயனிகளை விடும். தொழிற்புரட்சிக்கு முன் 8.2 வாக்கில் இருந்த மேல்கடலின் பிஎச் இப்போது 8.1-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. "அட, புள்ளி ஒன்றுதானே!" என்பார் முன்வரிசைப் பிரமுகர். பிஎச் கணக்கு மடக்கைக் கணக்கு ஐயா. அந்தப் புள்ளி ஒன்றுக்குள் ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 30 சதவீதம் கூடியிருக்கின்றன. "கடல் இன்னும் காரப் பக்கம்தான் இருக்கிறது, அமிலம் ஆகவே இல்லையே" என்று இன்னொருவர் எழுந்திருப்பார். உண்மை. அவருக்கு ஒரு சோடா கொடுத்து உட்கார வைத்துவிடலாம். பவளம் லிட்மஸ் தாளைப் பார்த்து வாழ்வதில்லை. அதற்குக் கூடு கட்டக் கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். புதிதாக வந்து குவிந்த ஹைட்ரஜன் அயனிகள் அந்தக் கார்பனேட்டைத்தான் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. சரக்கு வேலையிடத்துக்கு வந்து சேருமுன் வழியிலேயே பறிமுதல்.

இந்த நிலைமையிலும் பவளம் கூடு கட்டுகிறது. எப்படி என்பதுதான் அதிசயம். பவள உயிரியின் சதைக்கும் அதன் சுண்ணாம்புக் கூட்டுக்கும் நடுவே மிக மெல்லிய ஓர் இடுக்கு இருக்கிறது. அந்த இடுக்கிலுள்ள திரவத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளித் தள்ளி, உள்ளே மட்டும் பிஎச்சை 8.4, 8.5, சில சமயம் அதற்கும் மேலாக உயர்த்தி வைத்துக்கொள்கிறது. வெளிக்கடல் எப்படிப் போனாலும் தன் வேலையிடத்தில் மட்டும் பழைய காலத்துக் கடலை வைத்திருக்கிறது என்று சொல்லலாம். ஓட்டை விழுந்த வள்ளத்தில் விடிய விடியத் தண்ணீர் இறைக்கிறவன் பாடுதான் இது. இறைக்கிற வரைக்கும் மிதக்கும். இறைக்கத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியிடமிருந்து வருகிறது. வெயிலைக் குடித்துச் சர்க்கரை ஆக்கிக் கொடுக்கும் பாசி அது. போதாததற்குப் பவளம் இரவில் உணர்கொம்பு நீட்டி மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்னும். அமிலத் தண்ணீரில் வைத்த சில மான்கொம்புப் பவளங்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தின்று, கட்டுமானம் குறையாமல் சமாளித்ததை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆக, பவளம் சமாளிக்கிறது என்றால், அதற்கான சாப்பாட்டுச் செலவைப் பவளமே பார்த்துக்கொள்கிறது என்று பொருள். பில் அனுப்புவதில்லை. நம்முடைய கம்பெனிகளுக்கு இப்படிப்பட்ட தொழிலாளியைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

கொஞ்சம் பொறுங்கள், பத்திரம் முடியவில்லை. அமிலத்தைக் கொண்டுவந்த அதே கரியமில வாயு கடலைச் சூடாக்கவும் செய்கிறது. சூடு ஓர் அளவுக்கு மேல் போய்ச் சில வாரம் நீடித்தால், பவளம் அந்தப் பாசியை வெளியே துப்பிவிட்டு வெளுத்துப்போகும். சாப்பாடு போட்ட ஆளும் போய்விட்டான். இனித் தண்ணீர் இறைக்கத் தெம்பு எங்கிருந்து வரும்? வலது கன்னத்தில் அமிலம், இடது கன்னத்தில் வெப்பம், அடிக்கிற கை ஒன்று. "அமிலத்தை மட்டும் பார்த்தால் பவளம் தாங்குகிறதே" என்று அறிக்கை வாசிக்கிறவர்கள் ஒரு கன்னத்தை மட்டும் போட்டோ எடுக்கிறவர்கள்.

பத்திரத்தில் தடித்த எழுத்தில் போடவேண்டிய சாதனை ஒன்று உண்டு. 2007-ல் 'சயின்ஸ்' இதழில் மாவோஸ் ஃபைன், டான் செர்னோவ் என்ற இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். மத்தியதரைக் கடலின் இரண்டு பவள இனங்களை, பிஎச் 7.3 முதல் 7.6 வரை இறக்கிய தண்ணீரில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு மாதம் போன பிறகு பவளத்தின் உருவமே மாறிப்போயிருந்தது. சுண்ணாம்புக் கூடு முழுக்கக் கரைந்துவிட்டது. தோளோடு தோள் ஒட்டி ஒரே குடும்பமாய் இருந்த உயிரிகள் பிரிந்து, கூடு ஏதுமின்றி, அடிப்பாறையில் தனித்தனியாக ஒட்டிக்கொண்டு நின்றன. ஆனால் சாகவில்லை. ஒரு வருஷம் அப்படியே உயிரோடிருந்தன. மறுபடி பழைய தண்ணீருக்கு மாற்றியதும் திரும்பக் கூடு கட்டத் தொடங்கின.

இந்தச் செய்தியை எத்தனை பேர் எத்தனை விதமாகக் கொண்டாடலாம் என்று யோசித்துப் பாருங்கள். பவளம் என்றால் கூடு. 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் படுத்திருக்கும் கிரேட் பேரியர் ரீஃப் என்பது அந்தக் கூடுகள் ஆயிரக்கணக்கான வருஷமாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்ற கட்டடம். மீன் அதற்குள் ஒளிகிறது, நண்டு குடியிருக்கிறது, புயலின் அலை அதில் மோதி ஓய்கிறது. அந்தக் கட்டடத்தை உருவிவிட்டு, உள்ளே இருந்தவன் நடுத்தெருவில் அம்மணமாய் நிற்கிறான், "ஆனால் பாருங்கள், மூச்சு இருக்கிறது!" என்று சந்தோஷப்படுவதற்கு ஒரு மனசு வேண்டும். ஆய்வாளர்களுக்கு அந்த மனசு இல்லை. பூமியின் பழைய யுகங்களில் கல்லுப் பவளங்களின் தடயம் திடீரென்று காணாமல் போய் மறுபடி எப்படித் தோன்றியது என்ற புதிருக்கு விடை தேடித்தான் அவர்கள் அந்தச் சோதனையைச் செய்தார்கள். விடையை எடுத்து விளம்பரமாக்குகிறவர்கள் வேறு ஆட்கள். குடிசை மாற்று வாரியக்காரர்கள் கேள்விப்பட்டால், வீடே கட்டாமல் ஆளை மட்டும் மாற்றியமைக்கும் இந்தத் திட்டத்துக்கு உடனே டெண்டர் விடுவார்கள்.

விழாவை எங்கே வைப்பது? பாப்புவா நியூ கினியின் மில்ன் விரிகுடாவை முதலில் பார்த்தேன். அங்கே எரிமலைப் பகுதியில் கடலடித் தரையிலிருந்து கிட்டத்தட்டச் சுத்தமான கரியமில வாயு குமிழ்குமிழாக வந்துகொண்டே இருக்கிறது. தண்ணீர் சுடுவதில்லை, அமிலம் மட்டும் கூடுகிறது. இந்த நூற்றாண்டின் கடைசியில் உலகக் கடல் எப்படியிருக்கும் என்பதற்கு இயற்கை வைத்த முன்னோட்டக் காட்சி. காதரினா ஃபாப்ரிசியஸும் சக ஆய்வாளர்களும் 2011-ல் அதைப் பற்றி எழுதினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பவளம் மூடியிருக்கும் பரப்பு பெரிதாகக் குறையவில்லை. ஆகா என்று மாலையை எடுத்துக்கொண்டு கிட்டே போனால்தான் விஷயம் தெரிகிறது. கிளைவிடுகிறவை, தட்டாய் விரிகிறவை, மேசையாய்ப் பரவுகிறவை எல்லாம் அருகிவிட்டன. பெரிய உருண்டைப் பவளம், போரைட்டிஸ் என்ற இனம், எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலை காட்டி உட்கார்ந்திருக்கிறது. பவளக் குஞ்சுகள் குறைவு. அவை வந்து ஒட்டுவதற்குத் தளமாகும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசியும் குறைவு. பிஎச் 7.7-க்குக் கீழே போன இடத்தில் பவளத்திட்டே இல்லை.

ஊரில் மக்கள்தொகை குறையவில்லை, ஆனால் ஒரே ஒரு குடும்பம்தான் மிச்சம் என்றால் அந்த ஊர் பிழைத்துவிட்டதாக எந்த வி.ஏ.ஓ. சான்றிதழ் கொடுப்பார்? இங்கே கொடுக்கிறார்கள்.

பலாவ் தீவுகள் இன்னும் தோதான இடம். அங்கே பாறைத்தீவுகளுக்கு நடுவே ஒதுங்கிய குடாக்களில் தண்ணீர் மெதுவாகப் புழங்குகிறது. அதனால் இயற்கையாகவே பிஎச் 7.8 வரை இறங்குகிறது. இருந்தும் பவளம் கொழிக்கிறது, இன வகையும் நிறைய. இதுதான் எல்லாருடைய செல்லப்பிள்ளை. எந்த மாநாட்டிலும் பலாவைக் காட்டித்தான் நம்பிக்கையூட்டுகிறார்கள். ஆனால் 2015-ல் ஹன்னா பார்க்லியின் குழு அங்கே ஓர் எண்ணைச் சொன்னது. வெளித்திட்டிலிருந்து உள்குடாவுக்குப் போகப் போக, பவளக் கூட்டைத் துளைத்துக் குடைகிற சிப்பிகளும் புழுக்களும் செய்த சேதம் 11 மடங்கு கூடியிருந்தது. வெளியே பார்க்க மாளிகை, உள்ளே கரையான். மேலும், அந்தக் குடாப் பவளங்கள் இந்த நிலைக்கு வந்து சேர எத்தனையோ தலைமுறை எடுத்துக்கொண்டிருக்கும். நாம் உலகத்துப் பவளத்துக்கெல்லாம் கொடுத்திருக்கும் அவகாசம் நீராவி எஞ்சினிலிருந்து இன்றைக்கு வரைக்கும்தான். உருண்டைப் பவளம் ஒன்று வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். அதன் கணக்கில் நம்முடைய தொழிற்புரட்சி முழுக்க ஒரு ஆள் உயரத்தைத் தாண்டிக் கொஞ்சம்.

சரி, மேடை எங்கேயும் இருக்கட்டும். சிறப்பு விருந்தினர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்துதான் வரவேண்டும். பவளத்தைப் பாராட்டுவதில் அந்த நாட்டு அரசியல்வாதிகளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

2017 பிப்ரவரியில், தென்கிழக்கு ஆஸ்திரேலியா வெப்ப அலையில் வெந்துகொண்டிருந்த நாளில், அன்றைய நிதியமைச்சர் ஸ்காட் மாரிசன் நாடாளுமன்றத்துக்கு ஒரு நிலக்கரித் துண்டைக் கையில் எடுத்து வந்தார். இது நிலக்கரி, பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது என்று எதிர்வரிசைக்குத் தூக்கிக் காட்டினார். ஆளுங்கட்சி வரிசையில் ஒருவர் கை மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்து மகிழ்ந்தார்கள். கை கறுக்காமலிருக்கக் கரிக்கு வார்னிஷ் அடித்திருந்தது என்றும் பிறகு செய்தி வந்தது. அடுத்த மாதமே, மார்ச்சில், கிரேட் பேரியர் ரீஃப் தொடர்ந்து இரண்டாவது வருஷமாகப் பெருமளவில் வெளுத்துப்போயிருப்பதாக அதன் பாதுகாப்பு ஆணையம் உறுதி செய்தது. அதற்கு முந்தின 2016-ல் மட்டும் ஒன்பது மாதத்தில் ஆழம் குறைந்த பகுதிப் பவளத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் செத்திருந்தது. மாரிசன் அடுத்த வருஷம் பிரதமர் ஆனார். வார்னிஷ் வேலை வீண்போகவில்லை.

விழா மலர் ஒன்று போடவேண்டும். அதற்கும் அங்கே முன்மாதிரி இருக்கிறது. 2016-ல் யுனெஸ்கோவும் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பும் சேர்ந்து, தட்பவெப்ப மாற்றத்தால் ஆபத்திலிருக்கும் உலகப் பாரம்பரிய இடங்களைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தன. அதில் கிரேட் பேரியர் ரீஃபுக்கு ஓர் அத்தியாயம் இருந்தது. சுற்றுலாவுக்குப் பாதகம் என்று ஆஸ்திரேலிய அரசு ஆட்சேபித்தது. ஆஸ்திரேலியாவைப் பற்றிய பேச்சு முழுக்க அறிக்கையிலிருந்து காணாமல் போனது. மனிதர்கள் வசிக்கும் கண்டங்களில் ஆஸ்திரேலியா ஒன்றுதான் அந்தப் புத்தகத்தில் இடம்பெறவில்லை. தட்பவெப்ப மாற்றத்தால் பாதிக்கப்படாத கண்டம் என்ற பெருமை அண்டார்ட்டிகாவுக்குக்கூட வாய்க்கவில்லை. நம்ம ஊரில் ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுப்பார்கள், வாக்காளர் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். ஒரு கண்டத்தையே பட்டியலிலிருந்து எடுக்கும் கலை இன்னும் கைவரவில்லை.

2021-ல் யுனெஸ்கோ மறுபடி விட்டுவைக்கவில்லை. இந்தத் திட்டை ஆபத்திலுள்ள பாரம்பரியங்களின் பட்டியலில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. சுற்றுச்சூழல் அமைச்சர் சூசன் லே ஐரோப்பாவுக்குப் பறந்தார். பவளத்தைக் காப்பாற்ற வழி கேட்கவா? பட்டியலில் பெயர் வராமலிருக்க ஆதரவு திரட்ட. தூதர்கள் சிலரை உள்நாட்டிலேயே கூட்டிக்கொண்டுபோய், நீந்திப் பார்க்கச் சொல்லித் திட்டின் நல்ல பக்கத்தைக் காட்டினார்கள். தீர்மானம் தள்ளிப்போனது. நோயாளிக்கு மருந்து வாங்கப் போனவர் மெடிக்கல் ரிப்போர்ட்டைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார்.

நிதி விஷயத்துக்கு வருவோம். இது என் மனசுக்கு நெருக்கமான பகுதி. விழாக் கமிட்டி என்று ஒன்று இருந்தால் வசூல் இல்லாமலா? 2018 ஏப்ரலில் அன்றைய பிரதமர் மால்கம் டர்ன்புல்லும் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜாஷ் ஃபிரைடன்பர்க்கும், கிரேட் பேரியர் ரீஃப் ஃபவுண்டேஷன் என்ற ஒரு சிறிய அறக்கட்டளையின் தலைவரைச் சந்தித்தார்கள். 44.3 கோடி ஆஸ்திரேலிய டாலர் தருகிறோம் என்றார்கள். அறக்கட்டளை கேட்கவில்லை. டெண்டர் இல்லை, போட்டி இல்லை. முழுநேர ஊழியர்கள் அந்தச் சமயத்தில் ஆறே பேர். லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது என்று அதன் நிர்வாகியே பின்னால் சொன்னார். தலைவராக இருந்தவர் முன்பு எஸ்ஸோ எண்ணெய்க் கம்பெனியின் ஆஸ்திரேலியப் பிரிவில் தலைமைப் பதவி வகித்தவர். அந்த அறக்கட்டளையைச் சுற்றி இருந்த கனவான்கள் கூட்டத்தில் சுரங்க, எரிசக்தி நிறுவனங்களின் ஆட்களும் உண்டு. பணம் முழுவதையும் ஜூனுக்குள் ஒரே தவணையில் கொடுத்து முடித்தார்கள். அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2019-ல் அறிக்கை கொடுத்து, அறக்கட்டளையைத் தேர்வு செய்த முறையே சரியில்லை என்று குறை சொன்னது. சொல்லட்டும். எண்ணெய்க்காரரிடம் பவளத்தை ஒப்படைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. சேதத்தின் அளவு அவர்களுக்குத்தானே சரியாகத் தெரியும்?

அந்தப் பணத்தில் 10 கோடி டாலர், திட்டை மீட்டு மாற்றியமைக்கும் ஆராய்ச்சிக்கு என்று ஒதுக்கினார்கள். வெப்பத்தைத் தாங்கும் பவளத்தைப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்வது, உள்ளே குடியிருக்கும் பாசியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துச் சூட்டுக்குப் பழக்குவது, கடல்நீரைப் பொடித்துளியாய் வானத்தில் பீய்ச்சி மேகத்தை வெளுப்பாக்கி வெயிலைத் திருப்பி அனுப்புவது என்று பலவும் நடக்கின்றன. இந்த வேலையில் உண்மையாகவே உயிரைக் கொடுத்து உழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஹவாயில் ரூத் கேட்ஸ் என்ற விஞ்ஞானி பவளத்தின் பரிணாமத்தைக் கைகொடுத்துத் தூக்கிவிடும் யோசனையைத் தன் வாழ்வின் கடைசிவரை, 2018 வரை, சுமந்தார். டவுன்ஸ்வில்லில் மேடலீன் வான் ஓப்பன் அதைத் தொடர்ந்தார். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களே ஒவ்வொரு கட்டுரையிலும், எரிப்பதை நிறுத்தாமல் இது எதுவும் உதவாது என்று தலையில் அடித்துக்கொண்டு எழுதுகிறார்கள். அந்த வாக்கியத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை ஃபிரேம் போட்டு மாட்டுகிற கும்பலைப் பற்றித்தான் என் வயிற்றெரிச்சல். 50 கோடி வருஷத்துப் பரிணாமத்தைத் திருத்தி எழுதலாம், வானத்து மேகத்தைச் சாயம் மாற்றலாம், ஒரு சுரங்கத்தை மட்டும் மூட முடியாது. உலகத்திலேயே மாற்ற முடியாத உயிரினம் நிலக்கரிக் கம்பெனியின் பங்குதாரர் என்று இவர்கள் நிரூபித்திருக்கிறார்கள். டார்வின் இதைப் பார்க்காமல் போய்விட்டார்.

கட்சி மாறினால் காட்சி மாறுமா என்று கேட்டால், கொஞ்சம் மாறியது. 2022-ல் வந்த தொழிற்கட்சி அரசு, 2023-ல், பவளத்திட்டுக்கு ஆபத்து என்று சொல்லி ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது. கைதட்டினோம். 2024 செப்டம்பரில் அதே அரசு வேறு மூன்று சுரங்கங்களின் விரிவாக்கத்துக்கு அனுமதி தந்தது. கை தட்டியது தட்டியபடியே நின்றுவிட்டது.

மேடையில் புள்ளிவிவரம் பேச ஒருவர் வேண்டும். 2022-ல் வந்த கண்காணிப்பு அறிக்கை, திட்டின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் பவளப் பரப்பு 36 வருஷத்தில் இல்லாத அளவுக்குக் கூடியிருப்பதாகச் சொன்னது. பார்த்தீர்களா, ஒன்றுமே ஆகவில்லை என்று உலகெங்கும் சில பத்திரிகைகள் துள்ளின. வேகமாக வளரும் அக்ரோபோரா என்ற கிளைப்பவளம்தான் காலி மனையில் முளைத்திருக்கிறது, வெப்பத்திலும் புயலிலும் முள்நட்சத்திர மீனின் வாயிலும் முதலில் போவதும் அதுதான் என்று அதே அறிக்கையில் எழுதியிருந்தது. அமிலத்தை வைத்துப் பார்த்தால் மில்ன் விரிகுடாவில் காணாமல் போன பேர்வழிகளும் இந்தக் கிளைக்காரர்கள்தான். 2024-ல் மறுபடி வெளுப்பு. 2025 அறிக்கையில் வடக்கிலும் தெற்கிலும், கண்காணிப்பு தொடங்கியதிலிருந்து ஒரே வருஷத்தில் நேர்ந்த மிகப்பெரிய சரிவு. துள்ளின பத்திரிகைகளில் அந்தச் செய்திக்கு இடம் கிடைத்ததா என்று நான் தேடிக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவு பொறுமை எனக்கில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று முன்வரிசையில் யாரும் சௌகரியமாகச் சாய்ந்துகொள்ள வேண்டாம். கிரேட் பேரியர் ரீஃபை ஒட்டிய அபாட் பாயிண்ட் துறைமுகம் வழியாக 2021 கடைசியில் ஏற்றுமதிக்குத் தயாரான கார்மைக்கேல் சுரங்கத்து நிலக்கரி, அதானி குழுமத்தினுடையது. நம்ம கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையத்தை 2016-ல் நிறுத்திக் காட்டிய அதே குழுமம். ராமநாதபுரத்து வெயிலில் விளக்கு, குயின்ஸ்லாந்தின் மண்ணில் கரி. எந்த மாநாட்டுக்கு எந்தக் கையை நீட்டுவது என்பது மட்டும்தான் கேள்வி.

நம்மிடம் மன்னார் வளைகுடா இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள், சுற்றிலும் பவளம். 1986-ல் தேசியப் பூங்கா என்று பெயர் வைத்தோம். கரியமில வாயு மெல்ல மெல்லக் கரைக்கும் வரைக்கும் காத்திருக்க நமக்குப் பொறுமை ஏது? கடப்பாரையை எடுத்துப் பவளத்தைப் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, சுண்ணாம்புக்காக ஆலைக்கும் சூளைக்கும் அனுப்பினோம். வருஷக்கணக்கில் நடந்தது. 2001-ல் கல்லுப் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அட்டவணையில், சேர்த்த பிறகும் ஓய்வதற்குச் சில வருஷமானது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. காவலாய் நின்ற பவளம் போனதும் அலை நேரே வந்து தீவை எடுத்துக்கொண்டது. 21 தீவு என்று பாடப்புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. ஆஸ்திரேலியர்கள் இருக்கிற திட்டைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், நாம் இல்லாத தீவைப் பட்டியலில் வைத்திருக்கிறோம். 2010-லும் 2016-லும் அந்த வளைகுடாவும் வெளுத்தது. மிச்சமிருக்கும் பவளம் அமிலத்தைத் தாங்குகிறதா என்று ஆராய்ச்சி செய்யலாம். கடப்பாரையைத் தாங்கவில்லை என்பதை ஏற்கெனவே ஆராய்ந்து முடித்துவிட்டோம்.

ஏற்புரை இல்லாமல் பாராட்டு விழா முடியாது. பவளம் பேசாது, ஆனால் எழுதி வைக்கும். உருண்டைப் பவளத்தில் துளையிட்டு நீளமான உருளை ஒன்றை எடுத்து எக்ஸ்ரே பிடித்தால், வருஷத்துக்கு ஒரு ஜோடிப் பட்டை தெரியும், அடர்த்தியாய் ஒன்று, லேசாய் ஒன்று. நூற்றாண்டுக் கணக்கில் ஒரு நாள் லீவு போடாத தினசரி. வைஃபு குவோவும் சக ஆய்வாளர்களும் 2020-ல் அதைப் படித்துச் சொன்னார்கள்: 1950-லிருந்து கிரேட் பேரியர் ரீஃபின் உருண்டைப் பவளங்களில் கூட்டின் அடர்த்தி, அமிலமாதல் ஒன்றினால் மட்டும், சுமார் 13 சதவீதம் குறைந்திருக்கிறது. கவனியுங்கள், இது போரைட்டிஸ். எரிமலைக் குமிழிக்குப் பக்கத்திலும் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த கெட்டிக்காரன். எல்லா மேடையிலும் நாம் தாங்கும் சக்திக்கு உதாரணமாய்க் காட்டும் ஆள். உயரம் குறையாமல் வளர்ந்துகொண்டே உள்ளே எலும்பு தேய்ந்துகொண்டிருக்கிறது.

கிரேட் பேரியர் ரீஃபின் தெற்குப் பகுதியில், ஒன் ட்ரீ தீவில் இன்னொரு காரியம் செய்தார்கள். ரெபெக்கா ஆல்பிரைட், கென் கால்டீரா குழு, ஒரு சிறு திட்டின்மேல் காரக் கரைசலை ஓடவிட்டு, தண்ணீரைத் தொழிற்புரட்சிக்கு முந்தின நிலைக்குக் கொண்டுபோனது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பவளத்திட்டின் சுண்ணாம்புக் கட்டுமானம் சுமார் 7 சதவீதம் கூடியது என்று 2016-ல் அறிவித்தார்கள். பிறகு எதிர்த் திசையில், கரியமில வாயுவைக் கூட்டி இந்த நூற்றாண்டின் கடைசிக் கடலை ஓடவிட்டுப் பார்த்தார்கள். 34 சதவீதம் குறைந்தது. முதல் சோதனை முடிந்து காரக் குழாயை மூடிய பிறகு அந்தத் திட்டின்மேல் ஓடியது நம்முடைய இன்றைய கடல்.

தேதி மட்டும் குறிக்கவேண்டும். விஞ்ஞானிகள் இப்போதே வையுங்கள் என்கிறார்கள், அவர்களுக்கு எப்போதும் அவசரம். கம்பெனித் தரப்பில் நிதானமாக யோசிக்கிறார்கள். கார்மைக்கேல் சுரங்கத்துக்கு நிலத்தடி நீர் எடுக்கக் குயின்ஸ்லாந்து அரசு கொடுத்த உரிமம் 2077 வரைக்கும் செல்லும், அதற்குப் பிறகு சாவகாசமாக வைத்துக்கொள்ளலாமே என்பது அவர்கள் கருத்து. கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காலஞ்சென்றவர்களுக்கு விருது கொடுப்பதில் உலகத்து அரசுகளுக்கெல்லாம் நல்ல கைப்பழக்கம் உண்டு. விண்ணப்பப் படிவமும் தயார். மேடையேறி வாங்கிக்கொள்ள வாரிசு யாராவது இருக்கிறார்களா என்ற ஒரு கட்டத்தை மட்டும் பவளத் தரப்பில் பூர்த்தி செய்து கொடுக்கவேண்டும்.